வீணைக்குக் குரல் வேண்டும், ஆம்ப்ளிஃபையருக்கு வேண்டாம்

பண்ருட்டியிலிருந்து லாரி ஏறுவது பலாப்பழம் மட்டுமில்லை. வயிரம் பாய்ந்த பலாக்கட்டைகளும் ஏறுகின்றன. தஞ்சாவூரில் வீணை செய்கிறவர்கள் பண்ருட்டிப் பலாவைத் தேடி வாங்குவார்கள். குடம், தண்டி, யாளிமுகம் எல்லாவற்றையும் ஒரே கட்டையில் கடைந்தெடுத்தால் அது ஏகாண்ட வீணை. மிருதங்கத்துக்கும் தவிலுக்கும் கொட்டு குடைவதும் இதே பலாவில்தான். அண்ணாகிராமம், பண்ருட்டி ஒன்றியங்களில் முந்திரிக்கும் கரும்புக்கும் நடுவே நிற்கும் மரங்களுக்குள் தமிழ்நாட்டுக் கச்சேரி மேடையில் பாதி அடங்கியிருக்கிறது. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது இந்தப் பகுதியில் பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. பழ வியாபாரத்துக்கு விழுந்த அடியைப் பற்றி அன்று நிறையப் பேசினார்கள். எதிர்கால வீணைகளும் அதில் விழுந்தன என்பதைச் சேர்த்தே எண்ண வேண்டும்.

ஆம்ப்ளிஃபையரைப் பற்றிச் சொல்ல வந்த கட்டுரை பலாவில் தொடங்கக் காரணம் உண்டு. வீணையின் குடம் தந்தியின் ஒலியைப் ‘பெருக்குகிறது’ என்று எல்லோரும் சொல்வோம். இயற்பியல் அப்படிச் சொல்வதில்லை. மெல்லிய தந்தி தனியாக அதிர்ந்தால் காற்றைக் கத்தி போலக் கிழித்துக்கொண்டு போகுமே தவிர, காற்றைத் தள்ளாது. தந்தியைத் தாங்கும் குதிரை வழியாக அந்த அதிர்வு குடத்தின் மேற்பலகைக்கு இறங்கினால், அகன்ற பலகை காற்றை நன்றாகத் தள்ளும். ஒலி உயரும். ஆனால் அந்த ஆற்றல் முழுவதும் மீட்டிய விரலிலிருந்து வந்தது. குடம் ஒரு துளியும் சேர்ப்பதில்லை. காற்றுக்கு வேகமாகக் கைமாற்றிவிடுவதால் தந்தியின் அதிர்வு சீக்கிரம் தேய்வதுதான் அதற்குக் கொடுக்கும் விலை.

ஆம்ப்ளிஃபையர் செய்வது வேறு வேலை. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரத்தை எடுத்து, நேர்மின்சாரமாக்கித் தேக்கிவைத்து, பாட்டின் மெல்லிய மின் அலை எப்படி ஏறி இறங்குகிறதோ அதே வடிவத்தில் அந்தத் தேக்கத்தைத் திறந்து மூடுகிறது. வாய்க்கால் மடையைப் போன்றது என்று சொல்லலாம். மடையைத் தூக்கும் கைக்குப் பலம் குறைவு, பாயும் தண்ணீருக்குப் பலம் அதிகம். ஸ்பீக்கரை ஆட்டுவது அந்தத் தண்ணீர்தான். லீ டி ஃபாரஸ்ட் 1906-ல் செய்த மூன்று மின்முனை வால்வும், பெல் ஆய்வகத்தில் 1947-ல் பிறந்த டிரான்சிஸ்டரும் இந்த மடை வேலையைச் செய்பவையே.

இதிலிருந்து ஒரு தெளிவு கிடைக்கிறது. வீணைக்குச் சொந்தக் குரல் வேண்டும். அதற்காகத்தான் மரம் பார்க்கிறார்கள், குடத்தின் கனம் பார்க்கிறார்கள், மெழுகு வைத்து மேளம் கட்டுகிறார்கள். ஆம்ப்ளிஃபையருக்குச் சொந்தக் குரல் கூடாது. உள்ளே போனதை வெளியே பெரிதாகத் தர வேண்டும், அவ்வளவே. பண்ருட்டி பக்கத்துத் திருவாமூரில் பிறந்த திருநாவுக்கரசர், இறைவனின் திருவடி நிழலுக்கு உவமை தேடும்போது குறையற்ற வீணையொலியை முதலில் வைத்தார். அந்தக் குறையற்ற தன்மையைக் காது வரை பழுதில்லாமல் கொண்டுவந்து சேர்ப்பதே இந்தப் பெட்டியின் கடமை.

ஆனால் இசை கேட்பதில் தீவிரமான அன்பர்கள் கூடும் வீடுகளில் பேச்சு வேறு மாதிரி போகும். இந்த ஆம்ப் ‘வார்ம்’, அது ‘டிரை’. இதில் பேஸ் இறுக்கமாக இருக்கிறது, அதில் பாடகர் முன்னால் வந்து நிற்கிறார். சில ஆயிரம் ரூபாய்ப் பெட்டிக்கும் பல லட்ச ரூபாய்ப் பெட்டிக்கும் நடுவே மணிக்கணக்கில் ஒப்பீடு நடக்கும். தமிழ்நாட்டில் இந்த ஒப்பீடு பணக்காரர்களின் பொழுதுபோக்காக மட்டும் இருந்ததில்லை. சென்னை ரிச்சி தெருவில் போர்டும் டிரான்ஸ்ஃபார்மரும் வாங்கி, ஊர்க் கடையில் தகரப் பெட்டிக்குள் அடைத்த ‘அசெம்பிள்டு செட்’ இல்லாத சிற்றூர் 1990-களில் அரிது. 4440 ஐசி போட்ட போர்டு நல்லதா, 2N3055 டிரான்சிஸ்டர் ஜோடி நல்லதா என்று மெக்கானிக் கடைப் பெஞ்சில் நடந்த வாதமும் இதே வாதம்தான். பெட்டி மேல் ஒட்டியிருந்த ‘பி.எம்.பி.ஓ.’ என்ற விளம்பர வாட்ஸ் ஆயிரக்கணக்கில் மிரட்டும். உள்ளே இருந்த 4440 ஐசியின் நிஜத் திறன் பக்கத்துக்கு 6 வாட்ஸ், இரண்டையும் சேர்த்துக் கட்டினால் 19 வாட்ஸ்.

சரி, நல்ல நிலையில் உள்ள இரண்டு ஆம்ப்ளிஃபையர்களைக் காது மட்டும் கொண்டு பிரித்தறிய முடியுமா?

இதைச் சோதித்தவர்கள் உண்டு. இங்கிலாந்தின் குவாட் நிறுவனத்தைத் தோற்றுவித்த பீட்டர் வாக்கர் தன் சொந்தச் சரக்கையே பணயம் வைத்தார். 1950-களின் வால்வு ஆம்ப் குவாட் 2, 1960-களின் டிரான்சிஸ்டர் ஆம்ப் குவாட் 303, 1970-களின் குவாட் 405 மூன்றையும் பொறியாளர் ஜேம்ஸ் மாய்ர் 1978-ல் அனுபவமுள்ள கேட்பவர்கள் முன் மறைத்துவைத்து ஓட்டினார். யாராலும் பிரிக்க முடியவில்லை. தலைமுறை தலைமுறையாகப் புது மாடல் விற்கும் ஒரு நிறுவனம் இப்படியொரு முடிவு வெளிவர இடம் கொடுத்தது பாராட்டத்தக்க நேர்மை. அமெரிக்காவில் ‘ஸ்டீரியோ ரிவ்யூ’ இதழ் 1987 ஜனவரியில் வெளியிட்ட சோதனையில் 200 டாலர் அளவிலான ஒரு ரிசீவரிலிருந்து 12,000 டாலர் வால்வு ஆம்ப் வரை வரிசையில் நின்றன. கேட்டவர்கள் 25 பேர். வேறுபாடு உண்டு என்று உறுதியாக நம்பியவர்களும் அதில் இருந்தார்கள். மொத்த விடைகள் காசு சுண்டிப் போட்டதுபோல் பாதிக்குப் பாதியில் வந்து நின்றன. பிறகு ரிச்சர்ட் கிளார்க் என்ற கார் ஆடியோ நிபுணர், 24-க்கு 24 சரியாகச் சொல்பவருக்கு 10,000 டாலர் என்று பல ஆண்டுகள் சவால் வைத்திருந்தார். அந்தப் பணத்தை யாரும் எடுத்துப் போகவில்லை.

இவற்றில் மனத்தை அதிகம் ஈர்ப்பது ஆம்ப் வடிவமைப்பாளர் பாப் கார்வரின் கதை. ஒப்பீட்டு விமர்சனங்களுக்குப் பெயர்போன ‘ஸ்டீரியோஃபைல்’ இதழிடம் 1985-ல் அவர் சொன்னார்: உங்களுக்குப் பிடித்த எந்த விலை உயர்ந்த ஆம்ப்பையும் கொடுங்கள், 700 டாலருக்கும் குறைவான என் ஆம்ப்பை அதைப் போலவே பாட வைக்கிறேன். இரண்டு ஆம்ப்களின் வெளியீட்டையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்து, மிச்சமாக வரும் ஒலியைக் கேட்டபடி மின்தடைகளையும் மின்தேக்கிகளையும் மாற்றிக்கொண்டே போனார். மிச்சம் 70 டெசிபல் கீழே இறங்கியது. அதாவது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மின்னழுத்தத்தில் மூவாயிரத்தில் ஒரு பங்கு. விமர்சகர்கள் கேட்டார்கள், பிரிக்க முடியவில்லை என்று ஒப்புக்கொண்டார்கள். தம் காதைப் பெரிதும் நம்பியவர்கள் அதை அச்சிலும் ஒப்புக்கொண்டார்கள் என்பதற்காகவே அந்தச் சம்பவம் இன்றும் பேசப்படுகிறது.

அப்படியானால் வித்தியாசம் கேட்கிறது என்று சொல்கிறவர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லவே இல்லை. அவர்களுக்கு நிஜமாகவே கேட்கிறது. எங்கிருந்து கேட்கிறது என்பதுதான் சுவையான பகுதி.

முதல் காரணம் மிகச் சாதாரணமானது: ஒலியளவு. இரண்டு ஆம்ப்களில் ஒன்று அரை டெசிபல் கூடுதலாகப் பாடினால், ‘இது சத்தமாக இருக்கிறது’ என்று காது சொல்லாது. ‘இது தெளிவாக இருக்கிறது, பேஸ் நன்றாக இருக்கிறது’ என்றே சொல்லும். பெல் ஆய்வகத்தின் ஃபிளெட்சரும் மன்சனும் 1933-ல் காட்டியபடி, ஒலியளவு கூடும்போது கீழ்ச்சுருதிகள் நம் காதுக்கு மற்றவற்றைவிட வேகமாக வளரும். வால்யூம் குமிழைக் கண்ணால் பார்த்து ‘இரண்டும் ஒரே இடத்தில் இருக்கிறது’ என்று ஒப்பிடும் சோதனைகள் பெரும்பாலும் இங்கேயே தோற்றுவிடுகின்றன.

இரண்டாவது காரணம் கண். ஹாரி மெக்கர்க்கும் ஜான் மெக்டொனால்டும் 1976-ல் காட்டியது இது: ‘பா’ என்ற ஒலியைக் கேட்டுக்கொண்டே ‘கா’ என்று அசையும் உதட்டைப் பார்த்தவர்களுக்கு ‘டா’ என்று கேட்டது. பார்வை கேட்பதை மாற்றுகிறது, அதுவும் நமக்குத் தெரியாமல். ஸ்பீக்கர் ஆய்வில் பெரும் பெயர் பெற்ற ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் 1994-ல் 40 பேரிடம் ஸ்பீக்கர்களைத் திரையிட்டும் திரையில்லாமலும் கேட்கச் சொல்லி மதிப்பெண் வாங்கினார்கள். கண்ணால் பார்த்ததும் மதிப்பெண்கள் மாறிவிட்டன, பெரிய அழகான பெட்டிகளுக்குக் கூடின. முன்பக்கம் அரை அங்குல அலுமினியத் தகடும், நீல ஒளியில் ஆடும் மீட்டர் ஊசியும் செய்யும் வேலை சிறியதல்ல.

மூன்றாவது காரணம் உண்மையான மின்னியல். இங்கே வால்வு அன்பர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

ஸ்பீக்கர் மேல் ‘8 ஓம்’ என்று எழுதியிருந்தாலும் அது எல்லாச் சுருதியிலும் 8 ஓம் காட்டாது. ஓரிடத்தில் 4 ஓமுக்கு இறங்கும், இன்னோரிடத்தில் 30 ஓமுக்கு ஏறும். பல வால்வு ஆம்ப்களின் உள்தடை 2 ஓம் அளவில் இருக்கும். 4 ஓம் இடத்தில் மின்னழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கை அந்த உள்தடையே விழுங்கிவிடும், 30 ஓம் இடத்தில் பதினாறில் ஒரு பங்குதான் போகும். கணக்குப் போட்டால் இரண்டு இடங்களுக்கும் நடுவே 3 டெசிபல் வித்தியாசம். யார் காதுக்கும் எட்டும் அளவு இது. நல்ல டிரான்சிஸ்டர் ஆம்ப்பின் உள்தடை 0.04 ஓம் என்று வைத்தால், அதே வித்தியாசம் 0.1 டெசிபலுக்கும் கீழே போய்விடும். ஆக, அந்த வால்வு ஆம்ப் ‘வார்ம்’ ஆகக் கேட்டது கற்பனையில்லை. அது அந்த ஸ்பீக்கரோடு சேர்ந்து ஒரு டோன் கண்ட்ரோலாக வேலை செய்தது. வேறு ஸ்பீக்கரில் மாட்டினால் அந்த நிறம் வேறாகிவிடும்.

அடுத்தது திரிபு. இதைச் சொல்ல சங்கீதத்தின் மொழியே போதும். ஒரு கட்டைச் சுருதியில் ஆண் குரல் மத்திய ஸ்தாயி ‘ச’ பிடித்தால் ஏறக்குறைய 131 ஹெர்ட்ஸ். ஆம்ப்ளிஃபையர் அலையின் வடிவத்தைச் சற்றுக் கோணலாக்கினால், அந்தச் சுருதியின் மடங்குகள் புதிதாகப் பிறக்கும். இரண்டாம் மடங்கு 262, அது மேல் ‘ச’. மூன்றாம் மடங்கு 393, அதற்கு மேலுள்ள ‘ப’. ஐந்தாம் மடங்கு அந்தர காந்தாரம். ஏழாவது 917 ஹெர்ட்ஸ், கைசிகி நிஷாதத்துக்குச் சற்றுக் கீழே எந்த ஸ்வரத்தோடும் ஒட்டாமல் நிற்கும். எளிய வால்வு ஆம்ப்களில் இரண்டாம் மடங்கே மேலோங்கும். மேல் ‘ச’வைக் கொஞ்சம் தூவினால் யாருக்கு வலிக்கும்? மோசமாகச் செய்த பழைய டிரான்சிஸ்டர் ஆம்ப்கள் ஏழு, ஒன்பது, பதினொன்று என்று உயர் மடங்குகளைத் தூவின. அளவு குறைவாக இருந்தும் உறுத்தியது. தொடக்க காலத்தில் டிரான்சிஸ்டருக்குக் கிடைத்த கெட்ட பெயர் முழுக்க அநியாயமானது என்று சொல்ல முடியாது.

மடங்குகளின் இனிமையைத் தம்புரா கேட்டு வளர்ந்த ஊருக்கு விளக்கத் தேவையில்லை. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி.வி. ராமன், ஒளிச்சிதறலுக்காக நோபல் பரிசு வாங்குவதற்கு முன்பே இதில் இறங்கியிருந்தார். ஒரு தந்தியை அதன் குறிப்பிட்ட ஓர் அசையாப் புள்ளியில் மீட்டினால் அதற்குரிய மடங்கு ஒலிக்கக் கூடாது என்பது ஐரோப்பிய நூல்களின் விதி. தம்புராவிலும் வீணையிலும் அது ஒலிக்கிறது என்று 1921-ல் அவர் எழுதினார். வளைந்த அகலமான குதிரையின் மேல் தந்தி உரசி உரசி எழுவதே காரணம். தம்புராவில் நூலை நகர்த்தி ஜீவா பிடிக்கும்போது அந்த உரசலைத்தான் சீராக்குகிறார்கள். தோல்கருவிகளையும் அவர் விடவில்லை. சாதாரணப் பறையின் அதிர்வுகள் ஒன்றுக்கொன்று மடங்காக அமையாது. மிருதங்கத்தின் வலந்தலையில் கரணை என்ற கரும்பசை ஏறியதும் அவை மடங்குகளாக வரிசைக்கு வந்து, தோலுக்குச் சுருதி பிறக்கிறது. பெயர் தெரியாத கைவினைஞர்கள் காதால் கண்டுபிடித்த இயற்பியல் இது.

எந்த மடங்கு எவ்வளவு வேண்டும் என்பதைக் குதிரையும் கரணையும் பலாவும் ஏற்கெனவே தீர்மானித்துவிட்டன. அதன் மேல் ஆம்ப்ளிஃபையர் இன்னொரு கை மேல் ‘ச’ தூவுவது, சமைத்து முடித்த சாம்பாரில் பரிமாறுகிறவர் தன் விருப்பத்துக்கு உப்புப் போடுவது போன்றது. பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளலாம். அது ரசனை. அதுவே உண்மையான ஒலி என்று சொல்லி லட்சங்கள் கேட்டால் ஒப்புக்கொள்ள முடியாது.

திரிபை அடக்கும் வழியை ஹரால்ட் பிளாக் என்ற பெல் ஆய்வகப் பொறியாளர் 1927 ஆகஸ்ட் 2 அன்று வேலைக்குப் போகும் படகில் கண்டுபிடித்தார். ஹட்சன் ஆற்றின் நடுவில் கையிலிருந்த ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழின் பக்கத்திலேயே சமன்பாட்டை எழுதினார். வெளியே வந்த ஒலியில் ஒரு சிறு பங்கை எடுத்து, உள்ளே வரும் ஒலியோடு ஒப்பிட்டு, பிழையை அந்தக் கணமே திருத்துவது. தம்புராவைக் கேட்டுக்கொண்டே பாடகர் தன் சுருதியைச் சரிசெய்வது போல. எதிர்ப் பின்னூட்டம் என்ற இந்த உத்தியால் இன்றைய சாதாரண ஆம்ப்பின் திரிபு நூறில் ஒரு சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. ஸ்பீக்கர்களின் திரிபு பேஸ் பகுதியில் சாதாரணமாகவே ஒரு சதவீதத்தைத் தொடும்.

நான்காவது காரணம் கடலூர் மாவட்டத்துக் கிராமத்து வீடுகளுக்கு உரியது. லோ வோல்டேஜ். 230 வோல்ட் வர வேண்டிய வீட்டில் மாலையில் 180 வோல்ட் வந்தால், பழைய வகை டிரான்ஸ்ஃபார்மர் ஆம்ப்பின் உள் மின்னழுத்தமும் அதே விகிதத்தில் விழும். சக்தி மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால் 100 வாட்ஸ் ஆம்ப் அந்த மாலையில் 61 வாட்ஸ் ஆம்ப். மெல்லிய வீணையில் இது தெரியாது. சராசரியாகக் கேட்கும் அளவுக்கு ஸ்பீக்கர் எடுத்துக்கொள்வது ஒரு வாட் கூட இருக்காது. தவிலில் தெரியும். உள்ளங்கையும் கூடு போட்ட விரல்களும் வலந்தலையில் விழும் அந்தக் கணத்தில் சராசரியைவிட 20 டெசிபல் எகிறினால் நூறு மடங்கு சக்தி வேண்டும். இல்லாவிட்டால் அலையின் தலை வெட்டப்பட்டு, அடி ‘தக்’ என்று விழாமல் ‘சப்’ என்று விழும். ஆம்ப்களுக்கு நடுவே யாரும் கேட்கக்கூடிய வேறுபாடு பெரும்பாலும் இந்த வெட்டுதான். இதற்கு மருந்து போதுமான வாட்ஸும் ஒரு நல்ல ஸ்டெபிலைசரும்.

இன்னொன்று வெக்கை. கிளாஸ் ஏ வகை ஆம்ப் பாடினாலும் பாடாவிட்டாலும் மின்சாரத்தைக் குடித்துச் சூடாகிக்கொண்டே இருக்கும், எளிய வடிவத்தில் அதன் திறன் உச்சமாக 25 சதவீதம்தான். கிளாஸ் டி வகை 90 சதவீதத்தைத் தொடுகிறது. சித்திரை மாதத்தில் மூடிய அறைக்குள் எதை வைத்துக் கேட்பது என்பதற்கு இந்த எண்களே பதில்.

இத்தனைக்கும் பிறகு அறை இருக்கிறது. 4 மீட்டர் நீளக் கூடம், சிமெண்டுத் தரை, வெறும் சுவர் என்று வைத்துக்கொள்வோம். நம் ஊர் வெப்பத்தில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 349 மீட்டர். அந்தக் கூடத்தில் 44 ஹெர்ட்ஸிலும் 87 ஹெர்ட்ஸிலும் அலைகள் சுவருக்குச் சுவர் மோதி நின்றுகொள்ளும். தவிலின் தொப்பியும் பேஸ் கிட்டாரும் நடமாடும் பகுதி அது. நாற்காலியை இரண்டடி நகர்த்தினால் அந்தச் சுருதிகள் 10 டெசிபல் கூட ஏறி இறங்கும். ஆம்ப் மாற்றி யாரும் பெற முடியாத மாற்றம், ஒரு பைசா செலவில்லாமல்! வங்காளத்திலிருந்து குடியேறியவரின் மகனான அமர் போஸ், 1956-ல் எம்.ஐ.டி.யில் படித்தபோது அளவீடுகளில் சிறந்த ஸ்டீரியோவாகப் பார்த்து வாங்கி, கேட்டு ஏமாந்தார். அந்த ஏமாற்றம் அவரை ஆம்ப்பிடம் அனுப்பவில்லை. ஸ்பீக்கரும் அறையும் காதும் சந்திக்கும் இடத்தை ஆராய அனுப்பியது. 1964-ல் தோன்றிய போஸ் நிறுவனத்தின் வேர் அங்கே இருக்கிறது.

எனவே ஒப்பிட விரும்புகிறவர் வீட்டிலேயே முறையாக ஒப்பிடலாம். 400 ஹெர்ட்ஸ் தொடரொலி ஒன்றை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வையுங்கள். ஓர் ஆம்ப்பில் 2.83 வோல்ட் வந்தால் (8 ஓமில் அது ஒரு வாட்) மற்றதிலும் 2.80-க்கும் 2.86-க்கும் நடுவே கொண்டுவந்து நிறுத்துங்கள். இது 0.1 டெசிபல் துல்லியம். பிறகு வீட்டில் யாரையாவது காசு சுண்டிப் பார்த்து, உங்களுக்குத் தெரியாமல் ஆம்ப்பை மாற்றச் சொல்லுங்கள், ஒவ்வொரு முறையும் அணைத்துவிட்டுத்தான். 16 முறை கேட்டு 12 முறையாவது சரியாகச் சொன்னால் உங்கள் காதுக்கு ஏதோ எட்டுகிறது என்று பொருள். குருட்டாம்போக்கில் அது நடக்க நூற்றுக்கு நான்கு வாய்ப்புதான். எட்டினால் தயங்காமல் அந்த ஆம்ப்பை வாங்குங்கள். எட்டாவிட்டால் மிச்சமான பணத்தை நல்ல ஸ்பீக்கருக்கும் ஜன்னலில் ஒரு கனத்த திரைக்கும் கொடுங்கள்.

அதற்கு முன் ஒரு வேண்டுகோள். சிதம்பரத்தில் ராஜா அண்ணாமலைச் செட்டியார் 1929-ல் தொடங்கிய இசைக் கல்லூரி இன்று அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இசைத்துறையாக வீணை சொல்லிக்கொடுக்கிறது. அங்கோ, உங்கள் தெருவில் வாசிப்பவர் வீட்டிலோ, மைக் இல்லாமல் ஆறடி தூரத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் வீணை கேளுங்கள். மீட்டு விழும் ஓசை, கமகத்தில் தந்தி இழுபடும் ஓசை, குடத்திலிருந்து வரும் கனம் எல்லாம் காதில் தங்கட்டும். அதற்குப் பிறகு ஆம்ப்ளிஃபையர் கடைக்குப் போங்கள்.